கடைசியாக ஓட்டியவர்

துப்பறிவாளர் வீட்டுக்கு வந்த குள்ளமான அந்த அம்மாள் உட்காரவே இல்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார். காலையில் பள்ளி வேன் ஓட்டும் வேலைக்கு நேர்காணல். கடைசி ஆளாக வேனை ஓட்டியும் காட்டினார். உரிமையாளருக்குப் பரம திருப்தி. சாயங்காலமே வந்து சேரச் சொன்னார். அதை நம்பி, இருந்த வேலையையும் போனிலேயே விட்டாயிற்று. மதியம் பார்த்தால் வேனின் பின்புறம் நசுங்கிக் கிடக்கிறது. பழி இவர் தலையில்.

“இடிச்சவள்னு பேர் வந்துட்டா, இனிமே எவன் சார் என்னை நம்பி வண்டி தருவான்?”

துப்பறிவாளர் சட்டையை மாட்டுவதற்குள் அவருடைய மச்சான் வாசலில் தயாராக நின்றான். ஒட்டடைக்கம்பு உயரம், வாய் அதைவிட நீளம்.

வேன் கொட்டகையில் நின்றது. மச்சான் முதல் வேலையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் காலை நீட்டினான். நம் வீட்டு சோபாகூட இவ்வளவு வசதியில்லை என்றான். துப்பறிவாளர் அவன் முழங்காலைப் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் இறங்கச் சொன்னார்.

வண்டிகளுக்குப் பொறுப்பான மேலாளர், அவரும் நெட்டை ஆள்தான், நிதானமாக விளக்கினார். அந்த அம்மாளுக்குப் பிறகு வேனில் யாருமே ஏறவில்லை. சாவி தன் சட்டைப்பையை விட்டு நகரவில்லை. உரிமையாளர் தலையாட்டினார்.

வேலை கிடைக்காத எவனோ வயிற்றெரிச்சலில் கல்லால் அடித்திருப்பான் என்று மச்சான் காதைக் கடித்தான். துப்பறிவாளர் வாசல் தூணைக் காட்டினார். அதில் வேனின் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. மச்சான் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

பிறகு அந்த அம்மாளை ஏறி உட்காரச் சொன்னார். அவர் காலை எட்டி எட்டி நீட்டியும் பிரேக் அகப்படவில்லை.

“இப்படியா காலையில ஓட்டினீங்க?”

“சீட்டை முன்னால இழுத்துட்டுத்தான் ஓட்டினேன் சார். அப்படியே விட்டுட்டு இறங்கினேன்.”

துப்பறிவாளர் மேலாளரிடம் திரும்பினார். “வண்டி ஓட்டுறவங்களுக்கு இது கைப்பழக்கம். ஏறினதும் தன் காலுக்குத் தகுந்த மாதிரி சீட்டைத் தள்ளிடுவாங்க, தள்ளினதுகூட ஞாபகம் இருக்காது. இவங்களுக்கு அப்புறம் ஒரு உயரமான ஆள் ஓட்டியிருக்கார். சாவி உங்களைவிட்டு நகரலைன்னு நீங்கதான் சொன்னீங்க.”

மேலாளர் முகம் வெளுத்தது. சாப்பிடப் போக வேனை எடுத்ததாகவும், திரும்பி வரும்போது தூணில் இடித்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

“சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்.”

“அதுக்கு என் வேலை போகணுமா?” என்றார் அந்த அம்மாள்.

உரிமையாளர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

“பிள்ளைங்க வர நேரமாச்சு. சாவியைக் குடுங்க.”

மேலாளர் சட்டைப்பையில் கைவிட்டார்.