ஒரே வயரில் இறங்கியது

டிஷ் சேனலில் செய்தி வாசிப்பவர் ஒருவராகத்தான் இருந்தார். ஆண்டெனா சேனலுக்கு மாற்றினால், அவருக்குப் பின்னால் ஒரு விரற்கடை தள்ளி, வெளுத்த நிழல் ஒன்று. ஆண்டெனாவில் நிழல் விழுவது சகஜம்தான். ஆனால் வாசிப்பவர் தலையாட்டினால் நிழலும் ஆட வேண்டுமே! இது ஆடவில்லை. வலது தோள் சரிந்து சும்மா நின்றது. செத்துப்போன அண்ணனுக்கும் வலது தோள் சரிந்திருக்கும்.

“சனியன்” என்று முனகிக்கொண்டே, ரிமோட்டை வைத்துவிட்டுத் தம்பி டிவிக்குப் பின்னால் குனிந்தார். டிஷ்ஷையும் ஆண்டெனாவையும் மாடியில் ஒரு டப்பாவில் சேர்த்து, ஒரே வயரில் இறக்கி, கீழே இன்னொரு டப்பாவில் பிரித்ததெல்லாம் அண்ணனின் கைவேலை. டப்பா சுட்டது. கருகிய ரப்பர் வாசனையோடு, உள்ளே யாரோ மூச்சு வாங்குவதுபோல ஓர் இரைச்சல். டிஷ் வயரைப் பிடுங்கினார். நிழல் போகவில்லை. ஆண்டெனா வயரையும் பிடுங்கினார். வாசிப்பவர் போய்விட்டார். நிழல் இருந்தது.

“அப்பா! நிழல் போயிடுச்சா?”

மகளின் குரல். மொட்டை மாடியிலிருந்து. பொறுமையே கிடையாது அவளுக்கு; சொல்லாமலே ஏறிவிட்டாள்.

“ஆண்டெனாவைக் கழட்டிக் கையில வச்சிருக்கேன்பா. எந்தப் பக்கம் போகணும்?”

அவர் பதறி டிவிக்கு முன்னால் வந்தார். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. போன வருடம், இதே மதிய வெயிலில், ஆண்டெனாவோடு மேலே நின்றது அண்ணன். வீட்டைப் பாகம் பிரித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற அண்ணன். கீழே, இதே டிவி முன்னால் அவர். படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும், பின்னாடி போண்ணே, இன்னும் பின்னாடி என்று கத்திக்கொண்டே இருந்தார், அண்ணன் தெருவில் விழும்வரை.

‘போதும், அப்படியே நில்லு கண்ணு’ என்று கத்த வாயைத் திறந்தார்.

“பின்னாடி போம்மா. இன்னும் கொஞ்சம்.”

அவர் குரல்தான். அவர் வாய்தான். சொன்னது அவரில்லை.

ஓடக் கால் நகரவில்லை. வாயைப் பொத்தக் கை எழவில்லை. திரையில் நிழலுக்கு மெல்ல முகம் வந்தது. அண்ணன். ஒரு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தாரா? அந்த உதடுகள் அசைந்தன. அவர் உதடுகளும் அசைந்தன.

“இன்னும் கொஞ்சம்.”

தலைக்கு மேல் செருப்புச் சத்தம். ஓரடி. இன்னோரடி.

என்னைக் கொன்னுடுண்ணே. அவளை விட்டுடு. அவ குழந்தைண்ணே.

அண்ணன் சிரித்தார்.

“வா... வா... பின்னாடி வா.”

சன்னலுக்கு வெளியே ஒற்றைச் செருப்பு விழுந்தது.

“அப்பா?” என்றாள் மகள், மேலேயிருந்து.

கண்ணீர் வழிய வழிய, அவர் வாய் மறுபடி திறந்தது.