பிழைத்த இரண்டு சந்தனக் கன்றுகள்

சிங்காரம் முப்பது வருடம் பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்வார். அவர் மனைவி கோமளவல்லி திருத்தணி ஸ்டேஷனில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதற்கும் பெருமையடித்துக்கொள்வதில்லை. ஊரில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் ஏட்டம்மாவைத் தேடித்தான் வருவார்கள். சிங்காரம் வந்தவர்களுக்கு நாற்காலி போடுவார், அவர்கள் உட்காருவதற்குள் குற்றவாளி யார் என்று முடிவும் செய்துவிடுவார்.

அன்று காலை வந்தவள் ஜெயம்மாள். மலையடிவாரத்தில் குணசேகரனின் நிலத்தில் கூலி வேலை செய்பவள்.

"சந்தனக் கன்னு இருபதுல பதினெட்டு வாடிப் போச்சும்மா. நான்தான் களைக்கொல்லி ஊத்திட்டேன்னு டீக்கடையில எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு. சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாராம். பேரு கெட்டுப் போனா இந்த ஊர்ல யாரும்மா என்னை வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

"உன்மேல எதுக்குச் சந்தேகம்?" என்றார் கோமளவல்லி.

"ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி குழாயாண்ட பொன்னாங்கண்ணிக் கீரை பறிச்சுகினு இருந்தேன். திருடறியான்னு சத்தம் போட்டாரு. அந்தக் கோவத்துல ஊத்திட்டேனாம். பிழைச்ச ரெண்டு கன்னும் அந்தக் கீரைக்கு நடுவுலதான் இருக்குது. கீரை செத்துடுமேன்னு அந்த ரெண்டை மட்டும் விட்டுட்டேன்னு சொல்றாரு."

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. கணக்கு அவளுக்கு எதிராகத்தான் வந்தது. ஆனால் அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும், அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

மூவரும் நிலத்துக்குப் போனபோது குணசேகரன் அங்கே இருந்தார். அரக்கோணம் ரயில்வேயில் வேலை. இதற்காக லீவு போட்டிருந்தார். கன்றுகளின் அடியில் புதிதாகத் துளிர்த்த புல் தவிர, இடம் பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி சுத்தமாக இருந்தது.

"காவடி எடுக்கிற சொந்தக்காரங்க வருஷா வருஷம் இங்கதான் வந்து தங்குவாங்க. அதனால ஆடியிலயே ஆளு வெச்சு சுத்தம் பண்ணிட்டேன். நர்சரிக்காரன் ஒவ்வொரு கன்னுக்கும் பக்கத்துல துவரை நட்டு வெச்சிருந்தான். கன்னோட சோத்தைத் துவரை தின்னுகினு இருந்துது. எல்லாத்தையும் பிடுங்கச் சொன்னேன். இந்தம்மா கெஞ்சினதால கீரையை மட்டும் விட்டேன்."

"கன்னுங்க எப்ப வாட ஆரம்பிச்சுது?"

"ஆவணி பொறந்ததும். அஞ்சு மணிக்கே எழுந்து தினம் நானே தண்ணி விட்டேன் ஏட்டம்மா. புள்ள மாதிரி பார்த்தேன்."

அதற்குள் மோட்டார் கொட்டகையிலிருந்து சிங்காரம் ஒரு டப்பாவோடு ஓடி வந்தார். "கோமளா, களைக்கொல்லி!"

கோமளவல்லி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சீல் பிரியலைங்க. எடுத்த இடத்துலயே வெச்சிட்டு ஒரு களைக்கொத்து கொண்டாங்க."

அவர் ஒரு பட்ட கன்றின் அருகே உட்கார்ந்தார். அதன் அடியில் அருகம்புல் பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது.

"இந்தப் புல்லைப் பாருங்க. களைக்கொல்லி ஊத்தியிருந்தா முதல்ல சாகறது இதுதான். இது கொழுகொழுன்னு நிக்குது. அப்போ விஷமும் இல்ல, தண்ணிப் பஞ்சமும் இல்ல."

"அப்ப வேற யாரு கொன்னது?" என்றார் சிங்காரம்.

கோமளவல்லி மண்ணைப் பைய விலக்கினார். சந்தனத்தின் மெல்லிய வேரில் சட்டைப் பொத்தான் மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொன்றும் காய்ந்துபோன ஒரு துவரை வேரைக் கவ்விக்கொண்டிருந்தது. பிறகு குழாயடிக்குப் போய்ப் பிழைத்த கன்றின் பக்கத்தில் தோண்டினார். அங்கேயும் அதே முடிச்சுகள். ஆனால் பிடித்திருந்தது பொன்னாங்கண்ணியின் உயிருள்ள வேரை, இழுத்தாலும் விடவில்லை.

"சர்வீஸ்ல சந்தனக்கட்டை கேஸுக்குக் காட்டுக்குப் போனப்ப ஃபாரஸ்ட்காரர் ஒருத்தர் இதைக் காட்டினாரு. வெயிலை வெச்சு சோறு ஆக்கிக்க சந்தனத்துக்கு இலை இருக்குது. ஆனா உலைத் தண்ணியும் உப்பும் வேணுமில்ல? அதைத் தன் வேரால மட்டும் போதுமான அளவு எடுக்க முடியாது. பக்கத்துச் செடி வேரைக் கவ்வி உறிஞ்சிக்கும். திருட்டு நடந்தது நெசம்தான் குணசேகரன். திருடினது துவரை இல்ல, உங்க சந்தனம். துவரையைப் பிடுங்கினதும் அதோட அடுப்பு அணைஞ்சு போச்சு. இந்த ரெண்டுக்கு மட்டும் ஜெயம்மாவோட கீரை இருந்துது."

குணசேகரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நானே கொன்னுட்டேனா?" என்றார்.

கோமளவல்லி ஒவ்வொரு கன்றின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டு வந்தார். "பதினோரு கன்னுல உள்ள பச்சை இருக்குது."

ஜெயம்மாள் முன்னால் வந்தாள். "பொன்னாங்கண்ணித் தண்டைக் கிள்ளி நட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும். ஒவ்வொரு கன்னு அடியிலயும் நட்டுடலாம்."

"நட்டுக் குடும்மா," என்றார் குணசேகரன், தலை நிமிராமல்.

"ஆங், நடறேன். டீக்கடையில சொன்னீங்க இல்ல, அங்கயே வந்து சொல்லுங்க. அப்புறம் நடறேன்."

நாலு பேரும் நடந்தே டீக்கடைக்குப் போனார்கள். பெஞ்சில் அன்றைக்கும் அதே ஆட்கள்தான் இருந்தார்கள். குணசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "ஜெயம்மா மேல தப்பில்ல. துவரையைப் பிடுங்கச் சொன்னது நான். தப்பு என்னுது," என்றார்.

கடைக்காரர் ஒரு டீயை ஆற்றி முதலில் ஜெயம்மாளிடம் நீட்டினார். அவள் அதை நின்றபடியே குடித்து முடித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் நட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்க்க நடந்தாள். குணசேகரன் தண்ணீர் ஊற்றக் குடம் எடுக்க அவள் பின்னாலேயே போனார்.