கை படாத குழாய்

"ஒண்ணுதான் இருக்கு. அதுவும் சார் சொல்லி வெச்சது..." என்றார் கடைக்காரர் அரிகிருஷ்ணன்.

அபிதகுஜாம்பாளின் முகம் வாடியது. மேற்குத் தாம்பரத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவதாக வந்த கடை இது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முழங்கையால் தள்ளித் திறப்பார்களே, நீளக் கைப்பிடி வைத்த குழாய்... அது மேஜைமேல் பளபளத்தது. அதன்மேல் கை வைத்தபடி நெடுநெடுவென்று ஒருவன் நின்றிருந்தான்.

"வூட்டுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி கொழா? ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. புடவைத் தலைப்புக்குள் இருந்த கைகள் இன்னும் உள்ளே போயின.

"உங்களுக்கு மட்டும் எதுக்காம்? நீங்க டாக்டரா?"

"ஆமா... கொழா டாக்டர்!"

சிரித்தான். கண்களும் சேர்ந்து சிரித்தன. என்ன கண்கள் இவை, அறிமுகமே இல்லாதவளிடம் இத்தனை உரிமையோடு... அவள் விருட்டென்று படியிறங்கிவிட்டாள்.

வெளியே ஐப்பசி மழை. மடக்குக் குடையின் பொத்தானை அழுத்தினாள். விரல் கேட்கவில்லை. மணிக்கட்டால் அமுக்கிப் பார்த்தாள். ம்ஹூம்... மூடிய குடையோடு நனைந்துகொண்டே நடந்தவள், தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் கடைவாசலில் நின்றிருந்தான். சிரிப்பு போயிருந்தது.

முடக்குவாதம். இருபத்தெட்டு வயதில் வந்தது. ஸ்டெனோ வேலையைக் கொண்டுபோயிற்று, பேசி முடித்திருந்த வரனைக் கொண்டுபோயிற்று. இப்போது முப்பத்திரண்டு. அப்பா போனபின் சேலையூர் வீட்டில் அவள் மட்டும். சாயங்காலம் இந்தி டியூஷனுக்குக் குழந்தைகள் வரும். அவர்கள் கிளம்பியதும் வீடு சட்டென்று பெரிதாகிவிடும்...

எல்லாம் ஒருவிதமாகச் சமாளித்தாள், சமையலறைக் குழாயைத் தவிர. அதைத் திருக விரல்களுக்குத் தெம்பில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அடுத்த வீட்டுப் பட்டு மாமி வந்து திறந்து, பாத்திரங்களை நிரப்பிவிட்டுப் போவாள். பம்பாயிலிருக்கும் அண்ணா சுப்ரமணியன் எழுதியிருந்தான்: 'ஒரு குழாயைத் திறக்க அடுத்தவரை எதிர்பார்க்கிறாய். தனியாக எத்தனை நாள்? வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு.'

வரமாட்டேன் என்று எழுத வேண்டும். எந்தத் தைரியத்தில் எழுதுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் நின்றான், தோளில் ஒரு பையோடு.

"என் பேரு கேசவன். தாம்பரம் சானடோரியத்துல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில டெக்னீஷியன். அட்ரஸ் கடைக்காரர் குடுத்தாரு, உங்க அப்பாவை அவருக்குத் தெரியுமாம். அன்னிக்கு... தெரியாம பேசிட்டேங்க."

பட்டு மாமி அங்கேயே இருந்ததால் உள்ளே விட்டாள்.

"அந்தக் குழாயைக் கொண்டு வந்தேளா?" என்றாள் அபிதா.

"இல்ல. அது கம்பெனிக்கு வாங்கினது. அதையும் கையால தள்ளணும். இதைத் தொடவே வேணாம்." பையிலிருந்து எடுத்தான். குழாயின் மூக்குக்குக் கீழே பட்டாணி அளவு கண்ணாடி. "இது கண்ணு. கைய நீட்டினா பாக்கும். பாத்தா தண்ணி வுடும்."

"பாத்தாலே உருகிடுமா உங்க குழாய்?"

கேட்டபின்தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. கன்னம் சிவந்தது. அவன் அவசரமாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது...

ஒரு நாளில் முடியவில்லை. முதல் வாரம் பல்லி ஓடினால்கூடத் தண்ணீர் கொட்டியது. இரண்டாம் வாரம் கையை நீட்டியும் சும்மா இருந்தது. "உங்களை மாதிரியே ரோஷம்" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து!

வேலைக்கு நடுவே பேசினான். கூடுவாஞ்சேரி லேஅவுட்டில் முதல் ஆளாக வீடு கட்டியவன். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்து நிமிர்ந்தபோது முப்பத்தாறு. "சுத்தி வெறும் காலி மனைதாங்க. பக்கத்து வூடுன்னா அங்க நட்டு வெச்ச கல்லுதான்."

மூன்றாம் ஞாயிறு கை நீட்டினாள். தண்ணீர் வந்தது. கையை எடுத்தாள்... நின்றது. மறுபடி நீட்டினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு, யாரையும் கேட்காமல்! கண் நிறைந்துவிட்டது. முகம் கழுவுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கூடத்தில் பட்டு மாமியின் குரல் கேட்டது. "ஏம்ப்பா, யாரோ ஒருத்திக்காக இவ்ளோ மெனக்கெடறே?"

"பாவமா இருந்துச்சு மாமி... அதான்."

பாவம்! அபிதா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"என் கையைப் பாத்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். ரொம்ப நன்றி. நீங்க கிளம்புங்கோ."

"இல்லங்க, நான் அப்படி..."

"கிளம்புங்கோ."

போய்விட்டான். குழாய் ஒழுங்காக வேலை செய்தது. காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்ட இனி யாரும் வரவேண்டியதில்லை. யாரும் வரவுமில்லை. இதுதானே கேட்டாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசல் கேட் சத்தத்துக்குக் காது விழித்தே கிடந்தது...

கார்த்திகையில் புயல் மழை அடித்துக் கொட்டியது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் குழாயின் கண் திறக்காது. அபிதா கலங்கவில்லை. மாடித் தண்ணீர் விழும் இடத்தில் அண்டாவைக் காலால் நகர்த்தி வைத்தாள். கிண்ணத்தால் மொண்டு, வடிகட்டி, காய்ச்சி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேட் கிறீச்சிட்டது. முழங்கால் அளவு தண்ணீரில் கேசவன். தலைமேல் பாலிதீன் சுற்றிய ஒரு பேட்டரி.

"ரயில் இல்ல. வண்டலூர் வரைக்கும் லாரி, அப்புறம் நடந்தேன். கரண்ட் போனா இன்னா ஆகும்னு யோசிக்காம வுட்டுட்டேன்... தண்ணி இல்லாம கஷ்டப்பட்டீங்களா?"

"இல்லை. சமாளிச்சுட்டேன்."

அவன் அண்டாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மழைநீர் இமைகளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும். நீங்க சமாளிச்சிருப்பீங்க. நான்தான்... சமாளிக்க முடியாம வந்தேன்."

அவள் வழிவிட்டு நகர்ந்தாள்.

"அன்னிக்கு பாவம்னு சொன்னேளே?"

"மாமி கேட்டா வேற இன்னாங்க சொல்றது? புடிச்சிருக்குன்னா சொல்ல முடியும்... உங்ககிட்டயே சொல்லாதப்போ?"

அவள் உள்ளே போனாள். துண்டு ஒன்றை முழங்கையில் போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள்.

"தலையைத் துவட்டிக்கோங்கோ. ஒரு உதவி வேணும்."

உதவி... அந்த வார்த்தையை அவள் வாய் சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

"பேட்டரி மாட்டணுமா?"

"அது அப்புறம். அண்ணாவுக்கு லெட்டர் எழுதணும். ரெண்டு வரிக்கு மேல எனக்குப் பேனா பிடிக்க வராது. நான் சொல்றேன், நீங்க எழுதறேளா?"

ஊஞ்சல் பலகையில் காகிதத்தை வைத்து அவன் குனிந்தான். அவள் ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டு, மழையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்புள்ள அண்ணாவுக்கு... நான் பம்பாய் வரவில்லை. என்னால் இங்கே தனியாக இருக்க முடியும்..."

எழுதினான்.

"...ஆனால், இருக்க விருப்பமில்லை. கேசவன் என்று ஒருவர். நம்மவர் இல்லை. நீ கோபப்படுவாய். எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது."

பேனா நின்றுவிட்டது. அவன் நிமிர்ந்தான். அவள் கண்களை விலக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டேள்?" என்றாள் மெதுவாக. "எழுதுங்கோ..."