நானூறு டன் மரியாதை

நிலாவில் இறங்குகிற வியாபாரிகள் முதலில் காதைக் காட்ட வேண்டும். கவுண்டரில் நிற்கும் ரோபோ, காதுமடலுக்குப் பின்னால் மிளகளவில் ஒரு பண்புச்சில்லை ஒட்டி அனுப்பும். அம்மை ஊசிக்கு நிற்பதுபோல எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், யாரும் முனகுவதில்லை. எப்போதோ ஒரு புண்ணியவான், சீனக் குடியிருப்பின் அதிகாரி நீட்டிய முகவரி அட்டையை ஒற்றைக் கையால் வாங்கி, பின்பாக்கெட்டில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். பதினோரு மாதம் வியாபாரம் நின்றுபோனது. அதிலிருந்து, இரு தரப்புக்கும் சில்லு இல்லாமல் பேச்சுவார்த்தை கிடையாது என்று சட்டம். மரியாதை தவறாதபடி கையையும் நாக்கையும் அது பார்த்துக்கொள்ளும்.

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையின் விற்பனை மேலாளர் கயற்கொடிக்கு இதுதான் முதல் நிலாப் பயணம். சீனக் குடியிருப்பில் எல்லோருக்கும் பால்தேநீர் வேண்டும். அதன் அடியில் கிடந்து வழுக்கும் உருண்டைகளுக்கு மரவள்ளி மாவு வேண்டும். பூமியே ஆய்வக மாவுக்கு மாறிவிட்ட பிறகு, ஆலைக்கு மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கை அவர்கள்தான். இந்த வருஷம் பார்த்து மாவுப்பூச்சி விழுந்து கிழங்குக் காடெல்லாம் பாழாய்ப் போயிருந்தது.

"நாப்பது டன்தான் கயலு, அதுக்கு மேல ஒரு குருணை கிடையாது," என்று முதலாளி காலில் விழாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "கூடக் கேட்டா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. ஒத்துக்கிட்டுக் குடுக்காம போனா பட்டியல்ல இருந்தே நம்ம பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் ஆலைக்குப் பூட்டுதான்."

முடியாது. நாலே நாலு எழுத்து. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குடியிருப்பின் கொள்முதல் தலைவர் லுவோ, ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர், கூட்ட அறை வாசலிலேயே காத்திருந்தார். இரண்டு கையாலும் அட்டையைக் கொடுத்தார். கயற்கொடி இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"நீங்க முதல்ல போங்கம்மா," என்றார். காதிலிருந்த மொழிபெயர்ப்பி அதைத் தமிழாக்கிக் கொடுத்தது.

"ஐயோ, பெரியவங்க நீங்க போங்க."

கதவில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை மறைத்துக்கொண்டு ஆறு நிமிஷம் ஒருவரையொருவர் உள்ளே தள்ளப் பார்த்தார்கள். கடைசியில் ஒருக்களித்து இரண்டு பேரும் ஒன்றாகவே நுழைந்தார்கள். சில்லு நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தேநீர் வந்தது. எதிராளியை மதித்தால் நம் கோப்பையின் விளிம்பை அவர் கோப்பைக்குக் கீழே இடிக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். அவள் தாழ்த்தினாள். அவர் இன்னும் தாழ்த்தினார். மேசை போய், முழங்கால் போய், இருவரும் தரையில் குத்துக்காலிட்டுக் கோப்பையை உரசினார்கள். விட்டால் நிலாவையே தோண்டியிருப்பார்கள்.

எழுந்து உட்கார்ந்ததும் லுவோ சொன்னார்: "இந்த வருஷம் நானூறு டன் தேவைப்படுது."

கயற்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முழு மனசோட செஞ்சு தர்றோங்க ஐயா," என்று வந்தது.

அடப் பாவி சில்லே! இன்னொரு தரம் முயன்றாள். "இந்தத் தடவை கிழங்கு வந்து..."

"ஏதாவது சிரமமா?"

"சேச்சே, அமோக விளைச்சல்னு சொல்ல வந்தேன்."

லுவோவின் நெற்றி வேர்த்தது. அவர் பாடு அவருக்கு. அவர் கிடங்கில் நாற்பது டன்னுக்குத்தான் இடம். ஆனால் ஏறக்குறைய நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டி வந்த விருந்தாளியிடம் கொஞ்சமாகக் கேட்டால் அவளை மட்டம் தட்டியதாகாதா? பெரிதாகக் கேட்போம், அவளே குறைத்துக்கொள்வாள் என்று காத்திருந்தார். அவள் குறைக்கிற வழியாயில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கயற்கொடிக்கு யார் சொல்வது? நானூறு டன், மூன்று மாதக் கெடு. இருவரும் சிரித்த முகத்தோடு கைரேகை வைத்தார்கள்.

திரும்பும்போது சில்லைக் கழற்றிக் கொடுக்கக் கவுண்டருக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஆலையில் நூற்று நாற்பது பேர். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரோபோ இரண்டு சில்லையும் பிய்த்துப் பார்த்தது. "பதிவு பூஜ்யம். காலையிலிருந்து பண்புச் சேவை பழுது. எந்தச் சில்லும் இயங்கவில்லை. கூட்ட அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தோமே, 'இன்று சில்லு வேலை செய்யாது, மனம்விட்டுப் பேசவும்' என்று."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ஒப்பந்தத்தில் திருத்தம் உண்டா?" என்று ரோபோ கேட்டது. "கப்பல் கிளம்ப அரைமணி இருக்கிறது."

லுவோ தொண்டையைக் கனைத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நானூறு உங்களுக்கு அதிகமோ?"

கடவுளே, கேட்டே விட்டார்! காதில் சில்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் ஆலை பிழைத்துவிடும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா," என்று கயற்கொடி சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது. "உங்களுக்குத்தான் வைக்க இடம் பத்தாதோன்னு பார்த்தேன்."

"இடமா? தாராளமா இருக்கு." அவர் முகம் வெளுத்திருந்தது. "வேணும்னா ஐநூறாவே போட்டுக்கலாமே?"

"உங்க இஷ்டம்," என்றாள்.

ரோபோ நானூறை அடித்துவிட்டு ஐநூறு என்று எழுதிக்கொண்டது.