கனவு முடியும்வரை

காலையில் செவ்வந்தி பணிக்கு வந்தபோது அவள் பொறுப்பிலிருந்தவர்கள் வழக்கம்போல உறைந்தே கிடந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, ஆளுக்கு அரை டிகிரி சூடேற்றினாள்.

பூமியிலிருந்து சனியின் நிலவான டைட்டனுக்கு வர ஆறு ஆண்டுகள். அதுவரை பயணிகளுக்கு உறைதுயில். அவர்களை எழுப்ப விதிநூல் ஒன்பது நாள் கேட்கிறது. முதலில் உடல் இளகும். பிறகு கனவு வரும். கனவுத்திரையில் நீலமும் மஞ்சளுமாக ஏதோ மிதக்கும். அது தானாக முடியும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் எழுப்பினாலும் ஆள் எழுந்து நடப்பார், வேலைக்கும் போவார். ஆனால் அதன்பின் அவருக்குக் கனவே வராது. நாளடைவில் சிரிப்பும் நின்றுவிடும். மாத அறிக்கையில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. எத்தனை பேரை எழுப்பினாய் என்பதற்கு மட்டும் பெரிய கட்டம் இருந்தது.

பக்கத்துக் கூடத்தில் இரண்டே நாளில் எழுப்பினார்கள். நிலைய மேலாளர் அருளப்பன் அவர்களுக்குக் கேடயம் கொடுத்தார். செவ்வந்திக்கு இரண்டு சிவப்புக் குறி. மூன்றாவது விழுந்தால் பனிச்சுரங்கத்துக்கு மாற்றல். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறர் கனவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"பதறாத காரியம் சிதறாதும்பாங்க, சார்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பழமொழி நல்லாத்தாம்மா இருக்கு. நம்பர் எங்க?" என்றார் அருளப்பன்.

அதே அருளப்பன் ஒரு மாலை தனியாக வந்து கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு வர்ற கப்பல்ல என் பொண்ணு இருக்கா, செவ்வந்தி. நீதான் எழுப்பணும். ஒன்பது நாளும் எடுத்துக்கோ. இந்த மாசம் வேற யாரையும் தொட வேணாம்."

"பக்கத்துக் கூடத்துல ரெண்டே நாள்தான், சார்."

"விளையாடாதம்மா!"

ஒன்பதாம் நாள் கனவுத்திரையில் மஞ்சள் நிறம் பரவி, சுழன்று, மெல்ல அடங்கியது. பெண் கண் விழித்தாள்.

"மாம்பழம் தின்னுட்டு இருந்தேம்பா. கொட்டை வரைக்கும் தின்னு முடிச்சிட்டேன்," என்று சிரித்தாள்.

அருளப்பன் தேம்பித் தேம்பி அழுதார். "உன்ன மாதிரி வேலை தெரிஞ்சவங்க இந்த நிலையத்துலயே இல்லம்மா," என்று செவ்வந்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். மனதாரத்தான் சொன்னார். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. செவ்வந்தி: எழுப்பியவர் ஒருவர். மூன்றாவது சிவப்புக் குறி. பனிச்சுரங்கத்துக்கு மாற்றல். ஒப்பம், அருளப்பன்.

உத்தரவின் அடியில் அவர் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: "என் மனைவி அடுத்த கப்பலில் வருகிறார். அவரை எழுப்பிய பிறகு இவரை விடுவித்தால் போதும்."