நடுவீட்டுப் பளிங்கு மேசை

வில்லியனூரில் முசியே என்று ஊர் கூப்பிட்ட பிரெஞ்சுக்காரர் வீட்டுக்கு நான் போனது ஒரு மேசை வாங்கத்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். முசியே குடும்பம் கப்பலேறிவிட்டது. மிச்சமிருந்த சாமான்களை விற்கும் பொறுப்பு, அந்த வீட்டில் இருபது வருஷம் சமையல் செய்த இன்னாசிமுத்துவுக்கு.

மேசை எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் கஸ்தூரியைப் பெண் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம். அவன் அம்மா எங்கள் பாகூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபி டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசி வரைக்கும் மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானமே போய்விட்டது. ஆறு காணி கரும்பு போடுகிற வீட்டில் ஒரு மேசைக்கு வக்கில்லையா? அவர்கள் நிச்சயத்துக்குத் திரும்பி வருவதற்குள் நடுக்கூடத்தில் ஒரு மேசை நிற்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

இன்னாசிமுத்து முதலில் ஒரு தேக்கு மேசையைக் காட்டினார். "இத எடுத்துக்கோம்மா. நடு மேசைன்னா நாற்காலிப் பலகைக்கு நாலு வெரல் கொறச்சலா இருக்கணும். அப்பதான் லட்சணம்."

குனிந்து பார்த்தேன். காலடியில் மாவு மாவாக மரத்தூள் கொட்டியிருந்தது. உளுத்த மரம். அடுத்தது பிரம்பு பின்னியது. காபி சிந்தினால் தரைக்கே போய்விடும். சலித்துக்கொண்டே உள்ளறைக் கதவைத் தள்ளினேன். ஜன்னல்கள் சாத்திய அறை. நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, வட்டமாக. மூன்று கால்களிலும் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தது. விரலால் சுண்டினேன். விரிசல் இல்லாத சத்தம்.

"அது வேணாம்மா."

"இன்னா, வித்துட்டியா?"

"விக்கல. முசியே பொண்ணு, இந்த வூட்டு சின்னம்மாவுது. கல்யாணம் நிச்சயமானதுலேர்ந்து அதும் மேல துணி விரிக்கும், பூ வெக்கும், புடிக்கலன்னு எடுக்கும், மறுபடி வெக்கும். புருஷன் வூட்டுக்கு எடுத்தும்போவப் போறேன்னு சொல்லிக்கினே இருக்கும். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கச்சொல்ல காய்ச்சல்ல செத்துப் பூட்டுது. அப்பறம் ஒருத்தரும் அதத் தொடல."

கிராக்கி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலத்துக்குள் மேசை எங்கள் கரும்பு வண்டியில் ஏறிவிட்டது. நாலு ஆள் பிடித்து இறக்கி, கூடத்தின் நட்ட நடுவில் வைத்து, பக்கத்தில் எங்கள் ஒரு நாற்காலியையும் போட்டார்கள்.

அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பூத்துணி விரித்தேன், பளிங்கு மறைகிறதே என்று எடுத்தேன். பித்தளைச் சொம்பில் செம்பருத்தி வைத்தேன். கோயில் மாதிரி இருந்தது. வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பினால், தட்டு ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். பூனை என்று நினைத்து விரட்டினேன்.

ஒருநாள் கண்ணாடிக் குவளையில் நந்தியாவட்டை, காம்பெல்லாம் ஒரே அளவாக நறுக்கி வைத்திருந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு.

"எம்மாம் அழகா வெச்சிருக்க, கஸ்தூரி!" என்றேன்.

"நீ வெக்கலியாம்மா?" என்றாள் அவள்.

பெண் வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று விட்டுவிட்டேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை அந்தப் பளிங்கின்மேல் வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தும் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரி. கிணற்றடியில் சொம்பில் நீர் மொண்டு, அவளை அழைத்துவந்து, நடுவீட்டில் இலை போட்டு, புதுப் புடவை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவள் வந்து சாப்பிட்டுப் போவாள். அந்தப் புடவையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் மாமனாரின் தங்கை. பதினாறு வயதில் போனவள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. ஆண்கள் எல்லாரும் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். மேசையை நகர்த்த ஆளில்லை. இலை போடுகிற இடத்தில் அது அசையாமல் நின்றது.

"மேச மேலயே போட்டுடலாம் அண்ணி," என்றேன் என் நாத்தனார் விருத்தாம்பாளிடம். படையலை முன்னின்று செய்பவர் அவர்தான்.

அவர் முகம் சுருங்கியது. "தரையில குந்தித் துன்றவடி அவ. மேசையில துன்றவங்க வேற."

"நேரமாவுது அண்ணி."

இலை மேசைமேல் விரிந்தது. சோறு, வடை, கொழுக்கட்டை. பக்கத்தில் விளக்கு, நீர்ச்சொம்பு, மடித்த அரக்குப் புடவை. விருத்தாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு அழைத்தார்.

"கன்னியாப் போனவளே, கல்யாணம் பாக்காதவளே, வந்து ஒக்காரும்மா."

பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றோம். உச்சி வெயில். ஒரு காக்கை கூடக் கரையவில்லை. உள்ளே சாம்பிராணி போட்டிருந்தோம். ஆனால் கதவிடுக்கில் வந்தது வேறு வாசனை. உருகிய மெழுகுவத்தியும், வெள்ளைக்காரர்கள் நெற்றியில் தடவும் கொலோன் தண்ணியும்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

விருத்தாம்பாள் என் கையைப் பிடித்தார். கதவைத் திறக்குமுன் மூன்று தரம் தட்டுவது முறை. தட்டினார்.

உள்ளேயிருந்து யாரோ பளிங்கில் மெதுவாகத் திருப்பித் தட்டினார்கள்.

ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

கதவைத் திறந்தோம். கூடத்தில் யாருமில்லை. இலையில் ஒரு பருக்கை கலையவில்லை. விளக்கு அசையாமல் எரிந்தது. சொம்பு வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் புடவை, விளக்குக்கும் சொம்புக்கும் இலைக்கும் அடியில் விரிந்திருந்தது. நாலாக மடித்து, சுருக்கம் நீவி, சுற்றிலும் ஒரு விரல் ஏற்ற இறக்கமில்லாமல், மேசைத் துணியாகத் தொங்கியது.

"யாருடி வந்தது?" விருத்தாம்பாள் என் காதோரம் கிசுகிசுத்தார். "இந்தப் பொடவைய பொண்ணுக்குக் குடுக்காத. ஆத்துல வுட்டுடு. நான் சொல்றத கேளு."

கேட்டிருக்கலாம். ஆனால் படையல் புடவையைக் கட்டாமல் பெண் நலங்குக்கு உட்கார்ந்தால் ஊர் கேட்கும். ஊர் கேட்டால் புதுச்சேரிக்குப் போகும். பேய் பிடித்த வீடு என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்துவிடுவார்கள். நான் விருத்தாம்பாளின் வாயைப் பொத்தினேன். புடவையை உருவி, உதறி, என் கையாலேயே கஸ்தூரிக்குக் கட்டிவிட்டேன்.

கட்டி முடித்ததும் அவள் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு கையையும் பளிங்கின்மேல் வைத்துக்கொண்டாள். வெற்றிலைத் தட்டைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாள்.

கல்யாணம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது.

மறுவீட்டுக்கு வந்தபோது சம்பந்தியம்மா வாயாரப் புகழ்ந்தாள். "எங்க வூட்டையே மாத்திட்டா உங்க பொண்ணு. பூ வெக்கிறதென்ன, துணி விரிக்கிறதென்ன! எங்கதான் கத்துக்குனாளோ." கஸ்தூரி பக்கத்தில் நின்று சிரித்தாள். அது அவள் சிரிப்பு இல்லை. பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் சிரிப்பு தெரியாதா?

புறப்படும்போது கஸ்தூரி மேசையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். என்னை "அம்மா" என்று கூப்பிடவே இல்லை. நான் தலையாட்டினேன். நாளைக்கு வண்டியில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது.

குதிரைவண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். கூடத்தில் வெயில் சாய்ந்து கிடந்தது. மேசைமேல் இருந்த எச்சில் டம்ளர்களை எடுக்கப் போனேன்.

மேசைக்கு அடியில் யாரோ விசும்பினார்கள்.

குனிந்தேன். வெறும் தரை. மூன்று கால்கள்.

"அம்மா."

கஸ்தூரியின் குரல். என் பிள்ளையின் சொந்தக் குரல்.

"என்ன இங்கயே வுட்டுட்டு, யாரம்மா அனுப்பிவெச்ச?"