இருபது மில்லிமீட்டர் களிமண்

சோதனைக் கருவியின் வளையத்துக்குள் இருந்த களிமண்ணின் கனமே இருபது மில்லிமீட்டர்தான். அது இருபத்துமூன்று மில்லிமீட்டர் அமுங்கிவிட்டதாக முள் காட்டியது.

அவள் அளவுமானியை விரலால் தட்டிப் பார்த்தாள். இருபத்துநான்கு.

பட்டப்பகல். மேசைமேல் வெயில் விழுந்திருந்தது. ஆனாலும் அந்த மண் பரிசோதனைக் கூடம் முழுக்க, நாள்கணக்கில் ஊறிய சேற்றின் வாடை, காயாத துணிகளை அடைத்து வைத்த அறையின் வாடையைப் போல அவள் மூக்கிலும் தொண்டையிலும் படிந்து, எச்சில் விழுங்கினாலும் இறங்காமல் நின்றது.

மண் வந்த இடம் அவளுக்குத் தெரியும். சுவரில் விரிசல் என்று குடியிருப்பவர்கள் புகார் கொடுத்து, மறுபடி எடுத்து அனுப்பிய மண். நான்கு வருடத்துக்கு முன்னால், கட்டடம் எழும்புமுன் அதைச் சோதித்தவள் அவள்தான். கட்டடம் நாற்பது சென்டிமீட்டர் இறங்கும் என்று கணக்கு வந்தது.

"அந்தச் சைபர எடுத்துடும்மா," என்றார் மேலாளர். "மண்ணுக்குப் படிக்கவா தெரியும்?"

எடுத்தாள். கையெழுத்தும் போட்டாள். பிறகு அண்ணன், "என் தங்கச்சி பார்த்த மண்ணு" என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு அங்கேயே தரைத்தளத்தில் வீடு வாங்கினான். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே. குடிபோன அன்று போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

களிமண்ணை அழுத்திக்கொண்டிருந்த எடைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பாரம் போனால் மண் சற்றே மேலெழ வேண்டும். எழவில்லை. முப்பது. முப்பத்தைந்து.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கோம். காலையில ஜன்னல்ல தெரு தெரிஞ்சுது. இப்ப மண்ணுதான் தெரியுது." அண்ணியின் குரலில் பதற்றமே இல்லை. "உங்கண்ணன் தூங்குறாரு. நீ வாயேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஆட்டோ பிடித்துப் போனாள்.

சுற்றுச்சுவர் இருந்தது. இரும்புக் கதவு இருந்தது. கட்டடம் இல்லை. ஐந்து மாடி நின்ற இடத்தில் ஈரக் களிமண், கரண்டியால் இழுத்துத் தடவினாற்போல, ஒரு விரிசல்கூட இல்லாமல் வழவழவென்று கிடந்தது.

"அண்ணா," என்றபடி உள்ளே நடந்தாள்.

மண் மெத்தென்றிருந்தது. செருப்பு புதைந்தது. பிறகு கணுக்கால். இழுத்தாள். வரவில்லை.

"வந்துட்டியா?" என்றாள் அண்ணி போனில். "நடக்குற சத்தம் கேக்குது. எங்க தலைக்கு மேலதான்."

பாதத்துக்கு நேர் கீழே, மண்ணுக்குள், யாரோ மெதுவாகத் தாழ்ப்பாளை நீக்கினார்கள்.